உயிரோடிருந்தவருக்குப் போட்ட மாலை

உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் படத்துக்கு நான் மாலை போட்டிருக்கிறேன். அதுவும் லேசுப்பட்ட மனிதர் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல், நெஞ்சு நிறையப் பதக்கம் வாங்கியவர். ஊரில் இதைச் சொன்னால், "பஹ்ரைன்ல வெயிலு சாஸ்தியோ?" என்று கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு.

நான் பரமக்குடிப் பக்கத்து ஆள். அபுதாபி முசஃபாவில் ஆறு வருடம் அலமாரிக்குக் கதவு மாட்டிவிட்டு, பஹ்ரைன் மனாமாவில் கீழக்கரை பாய் ஒருவரின் கடைக்கு வந்து சேர்ந்தேன். படத்துக்குச் சட்டம் போடும் கடை. கல்யாணப் படம், மக்கா மதீனா படம், சாமி படம், பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவோம். ஆனால் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வேலைதான், இறந்தவர்களின் படம். ஊரில் அப்பாவோ அம்மாவோ போய்விட்டால், லீவு கிடைக்காதவர்கள் போனில் உள்ள படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ரூமில் வைத்துக் கும்பிட வேண்டும். நான் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை மாட்டி, கீழே தோற்றம் மறைவு எழுதி, மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னச் சிவப்பு பல்பையும் பொருத்திக் கொடுப்பேன். அடுத்த சந்திலேயே கோயிலும் பூக்கடையும் இருப்பதால் மாலைக்கு அலைய வேண்டியதில்லை. அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள மனாமாவில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அந்தச் சமயம் பாய் தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் டாக்ஸி நிற்கிறது, கையில் பெட்டி. போகிற போக்கில் ஒரு பையை என் மேஜையில் வைத்தார்.

"நேவிக்காரங்க குடுத்துட்டுப் போனாங்க. பெரிய ஆளோட பெட்டியாம். எல்லாத்தையும் உள்ள அடுக்கி, முன்னால கண்ணாடி போடணும். அளவு பேப்பர்ல இருக்கு. வர்ற வியாழக்கிழம காலையில வந்து எடுப்பாங்க. கண்ணும் கருத்துமாப் பண்ணுப்பா, இது நல்லா அமைஞ்சா அவங்க வேல பூரா நம்மகிட்டதான்."

"என்ன விசேசம் பாய்?"

"வந்து சொல்றேன், ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான். அவர் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று மத்தியானம் பையைப் பிரித்தேன். முதலில் வந்தது ஒரு கொடி. அமெரிக்கக் கொடியை முக்கோணமாக, சமோசா மடிப்பதுபோல் மடித்து வைத்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சினிமாவில் பார்த்திருக்கிறேன், சிப்பாய் செத்தால்தான் இப்படி மடித்து மனைவி கையில் கொடுப்பார்கள். அடுத்து பதக்கங்கள், தோளில் குத்தும் பட்டைகள், வெள்ளியில் ஒரு ஊதல், ஏதோ கப்பலிலிருந்து பெயர்த்ததுபோல் ஒரு துண்டு மரம். பிறகு ஒரு போட்டோ. வெள்ளை உடுப்பில் ஒரு இளைஞர். மீசை அரும்பினால் அரும்பலாம், அந்த வயது. கடைசியாக ஒரு பித்தளைத் தகடு. அதில் அட்மிரல் என்று போட்டு, பேர் போட்டு, அதற்குக் கீழே இரண்டு வருடம், நடுவில் ஒரு கோடு.

இரண்டு வருடமும் நடுவில் கோடும் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண்ணீர் அஞ்சலித் தட்டி எத்தனை பார்த்திருக்கிறேன்! கழித்துப் பார்த்தேன், நாற்பதுகூட ஆகவில்லை. அதற்குள் அட்மிரல், அதற்குள் சாவு. நல்லவனைத்தான் ஆண்டவன் முதலில் கூப்பிடுகிறான் என்று எனக்கு மனசு தாங்கவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், இறங்கியது. ஆனால் ரசம் ஊற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்கு நான் கொட்டிய உழைப்பை என் கல்யாணப் படத்துக்குக்கூடக் கொட்டவில்லை. தேக்கு மரம், உள்ளே கடல் நிறத்தில் வெல்வெட். பட்டைகளை ஒற்றைக் கோடு போட்டதிலிருந்து தங்கமாக மின்னியது வரை படிக்கட்டுபோல் அடுக்கினேன். போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துத் துடைத்தேன். இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு வெட்டுத் தழும்பு, அரிசி நீளம். பெற்றவள் இதைப் பார்த்து எத்தனை முறை அழுதாளோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் கணக்குப்படி பெட்டிக்குள்ளேயே படத்துக்கு ஒரு சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு. பொட்டு வைக்கத்தான் கை போனது. வேதக்காரராயிற்றே, அவர்கள் வீட்டில் சங்கடப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு யோசித்தவன் நான்!

புதன்கிழமை மத்தியானம் கடையைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். குனிந்து உள்ளே வந்தவர் ஆறடிக்கு மேல் ஒரு வெள்ளைக்காரர். அரைக்கால் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் காகிதக் கப்பில் ஏலக்காய் மணக்கும் கரக் சாயா.

கடற்படைத் தளத்துக்கு நாளை போகவேண்டிய பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் பேசியது அமெரிக்க இங்கிலீஷ், பாதியைக் காதாலும் பாதியைக் கையைப் பார்த்தும் புரிந்துகொண்டேன். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் குடும்பமா சார்?"

கொஞ்சம் யோசித்தார். "ஆமாம், குடும்பம்தான்."

பெட்டியை நிமிர்த்தி பல்பைப் போட்டேன். அவர் கிட்டே குனிந்தார். விரலால் ஒவ்வொரு பட்டையாகக் காற்றில் தொட்டுக்கொண்டே வந்தார். மாலையில் வந்து நின்றது விரல்.

"இது எதற்கு?"

"எங்கள் வழக்கம் சார். போய்ச் சேர்ந்தவர்களுக்குப் போடுவது. வாசம் பல வருஷம் நிற்கும்."

"போய்ச் சேர்ந்தவர்களுக்கு?"

"ஆமாம் சார். வெரி சாரி சார். சின்ன வயசு."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். எதை அடக்கினார் என்று இப்போதுதானே தெரிகிறது! நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, இரண்டு கையையும் பிடித்து முறையாகத் துக்கம் கேட்டேன்.

"அண்ணனா, தம்பியா சார்?"

படத்தை ஒரு தடவை பார்த்தார். "தம்பி. என்னைவிட ரொம்பச் சின்னவன்."

"எப்படிப்பட்டவர் சார்?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லைபோல் இருக்கிறது. சாயாவைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"பதினெட்டு வயதுவரை அவன் கடலையே பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோதுமை வயல்தான்."

"எங்க ஊர்லயும் கடல் கிடையாது சார். கருவேலம்தான்."

"அப்படியானால் உனக்குப் புரியும். முதல் கப்பலில் மூன்று மாதம் வாந்தி எடுத்தான். அவனுக்கென்றே பேர் எழுதி ஒரு வாளி வைத்திருந்தார்கள். அந்த வாளியோடுதான் ஆபீசரானான்."

நான் பெரிய பதக்கம் ஒன்றைக் காட்டி, அது எந்தப் போரில் வாங்கியது என்று கேட்டேன்.

"அதுவா? ஒரு அலுவலகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து, ஒரு காகிதத்தையும் தொலைக்காமல் இருந்ததற்கு." பிறகு ஓரத்தில் கிடந்த சின்னதைக் காட்டினார். "இது அப்படியில்லை. இதே வளைகுடாவில்தான். ஒரு மர லாஞ்சு முழுகிக்கொண்டிருந்தது. அப்போது அவன் ஒரு கப்பலுக்கு கேப்டன். லாஞ்சில் இருந்தவர்களைக் கயிறு போட்டு ஏற்றப் பார்த்தால், அவர்களுடைய சமையல்காரன் வரமாட்டேன் என்கிறான். அவன் ஆடு உள்ளே இருக்கிறதாம்."

"ஆட்டை விட்டுட்டா வருவான்? அவன் சொன்னது சரிதானே சார்!"

"சரிதான். ஆட்டையும் தூக்கினார்கள். அந்த ஆடு அவன் கப்பலின் மேல்தளத்தில் செய்துவைத்த காரியத்தை மேலே எழுதிய அறிக்கையில் அவன் சேர்க்கவில்லை."

இருவரும் சிரித்தோம். துக்கம் கேட்கிற இடத்தில் சிரிக்கிறோமே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. இன்னொரு பதக்கத்தைத் தொட்டுக் கேட்டேன். அவர் தலையாட்டினார். "அதைப் பற்றித் தம்பி பேச மாட்டான்." நானும் விட்டுவிட்டேன்.

மகள் பிறந்தபோது தம்பி எங்கோ நடுக்கடலில் இருந்தானாம், செய்தி மூன்று வரியில் வந்ததாம். நாற்பது வருடத்துக்குப் பக்கமாகக் கடலில் இருந்தவன் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லையாம், நேரமில்லை. "நாற்பது வருடமா?" என்று அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கதை அவ்வளவு ருசி.

"ஒவ்வொரு தடவை லீவில் வீட்டுக்குப் போகும்போதும் அவனுக்கு ஸ்பூன் எங்கே இருக்கிறது என்று தெரியாது," என்றார். "இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பார்ப்பான். கண்டுபிடிக்கும்போது லீவு முடிந்திருக்கும். அடுத்த தடவை மனைவி வேறு இடத்துக்கு மாற்றியிருப்பாள்."

என்னால் அடக்க முடியவில்லை. "எங்க வீட்ல சீனி டப்பா சார்! நான் போற ஒவ்வொரு தடவையும் வேற பலகையில இருக்கும். கேட்டா, 'இவ்வளவு நாளா இங்கதான் இருக்கு, விருந்தாளிக்கு எப்படித் தெரியும்'னு சொல்லுவா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்றுதான் எனக்கு பயம். இந்தப் பெட்டியில் இருப்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது."

"நாளைக்குத்தான் அடக்கமா சார்?"

"ஏறக்குறைய," என்று சொல்லிக் கண்ணில் வந்த நீரைத் துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

இடது புருவம். நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு, அரிசி நீளம்.

அண்ணன் தம்பிக்கு மூக்கு ஒத்துப்போகலாம், காது ஒத்துப்போகலாம். தழும்பு ஒத்துப்போகுமா? படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். பின்னால் பல்பு மினுக் மினுக் என்கிறது.

"சார்," என்றேன். பல்பை அணைத்தேன்.

"மன்னித்துக்கொள்," என்றார் அட்மிரல். "உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இவ்வளவு அன்பாக யாரும் எனக்காக வருத்தப்பட்டதில்லை." நாளை நடக்கப்போவது அடக்கம் இல்லை, பணி ஓய்வு. தகட்டில் இருந்தது அவர் சேர்ந்த வருடமும் விலகும் வருடமும். ஓய்வு பெறுகிறவருக்கு இப்படி ஒரு பெட்டி செய்து கொடுப்பது அவர்கள் வழக்கமாம், கொடியை அதற்கும் அப்படித்தான் மடிப்பார்களாம். விழாவுக்கு முன் பெட்டியை அவர் பார்க்கக்கூடாது. மனசு கேட்காமல் ஒருவருக்கும் தெரியாமல் எட்டிப்பார்க்க வந்திருக்கிறார்.

நான் திருப்புளியை எடுத்துக் கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தேன். அவசரத்தில் திருகாணி இரண்டு உருண்டோடியது. சரியாக அந்த நேரம் பார்த்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டு பாய் வந்தார். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வருகிறார், ஒரு கையில் பெட்டி, மறு கையில் தொதல் அல்வாப் பொட்டலம். கீழக்கரைக்காரர் தொதல் இல்லாமல் விமானம் ஏற மாட்டார். பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தார்.

"யா அல்லா! என்ன வேலப்பா பாத்து வச்சிருக்க? உசுரோட இருக்குற மனுசனுக்கா மாலையப் போட்ட?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீ ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

நாங்கள் சண்டை போட, அட்மிரல் தொதலைப் பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரே போடாகப் போட்டார்: மாலை அப்படியே இருக்கட்டும், நாளைக்கு என் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"முடியாது சார்," என்றேன்.

பாய் பல்லைக் கடித்தார். "அவரே கேக்குறாரு. குடுத்துத் தொலையேன். இந்த ஒரு ஆர்டர வச்சுத்தானேப்பா..."

"ஆர்டரு போனாப் போகுது பாய். உசுரோட இருக்கிறவருக்கு மாலை போட்டு அனுப்புனா அந்தப் பாவம் யாரு தலையில? நாளப்பின்ன இவருக்கு ஒண்ணுன்னா நான் எப்படித் தூங்குவேன்?"

"செத்துட்டான்னு பொரளி கெளம்புனா ஆயுசு கெட்டிம்பாங்க. ஒங்க ஆளுங்கதான் சொல்லுவாங்க."

"பொரளி வேற, மாலை வேற."

மாலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டுப் பூக்கடைக்கு ஓடினேன். மத்தியான வெயிலில் கோயில் சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பூக்கடைக்காரரை எழுப்பி, இருந்ததிலேயே கனமான ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அட்மிரலை எழுந்து நிற்கச் சொன்னேன். எனக்கு எட்டவில்லை. ஸ்டூலில் ஏறி, கழுத்தில் போட்டேன்.

"சார், படத்துக்குப் போட்டா துக்கம். கழுத்துக்குப் போட்டா மரியாதை. போனதை இது அழிச்சிரும்."

உண்மையில் அழிக்குமா என்று எனக்கே தெரியாது. எங்கள் ஊரில் யாரும் இந்தத் தப்பைச் செய்ததில்லை, அதனால் பரிகாரமும் கிடையாது. ஆனால் அவர் நிமிர்ந்து விறைத்து நின்றார், அரைக்கால் சட்டையோடு, ரோஜா மாலையோடு. பாயும் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாலையும் பல்பும் இருந்த இடம் பெட்டியில் ஒரு சாண் காலியாகக் கிடந்தது. வேறு எதையாவது நகர்த்தி நிரப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அதில் என் தம்பி ஏதாவது வைப்பான்."

"என்ன சார் வைப்பாரு?"

"தெரியவில்லையே," என்றார். சிரித்தபடிதான் சொன்னார், கண் சிரிக்கவில்லை. கடை நம்பரை போனில் ஏற்றிக்கொண்டு, மாலையைக் கழற்றாமலே ஷட்டருக்குக் குனிந்து வெளியே போனார்.

மறுநாள் ஆட்கள் வந்து பெட்டியை எடுத்துப்போனார்கள். பாய் ஆசைப்பட்டபடி அவர்களின் வேலை ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. சந்தன மாலையைத் தூக்கிப் போடவும் மனசில்லை, இன்னொருவர் படத்துக்குப் போடவும் மனசில்லை. மேஜை இழுப்பறையில் போட்டுவைத்தேன். ஆணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் வாசம் அடிக்கும். நல்லபடியாக இருக்கிறாரா, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரா? வேலையை விட்ட கையோடு படுத்துவிட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய படங்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. "ஏதாச்சும் சேதி வந்துச்சா பாய்?" என்று கேட்டுக் கேட்டு அவர் காதைப் புளிக்கவைத்தேன். ஒரு மாதம் போனது, மூன்று போனது, ஐந்து போனது.

ஒரு காலை பாய் போனை நீட்டினார். "ஒன் அட்மிரலு."

போனில் ஒரு போட்டோ: சுவரில் என் பெட்டி. தேக்கு நன்றாகவே மின்னியது. காலியாக விட்ட அந்த ஒரு சாண் இடத்தில், வெல்வெட்டின் மேல், துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று. கீழே நாலு வரி எழுதியிருந்தார். பாய் படித்துச் சொன்னார்:

"போன வாரம் என் தம்பி மீன் பிடித்தான். ஒன்றுதான், விரல் நீளம். திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டான். ஸ்பூன் இருக்கும் இடமும் இப்போது அவனுக்குத் தெரியும்."

நான் போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். படிக்கத் தெரிந்த வார்த்தைகளை நானே படித்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, அந்தச் சந்தன மாலையை எடுத்துக்கொண்டு போய்ச் சந்து முனையில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.